சைபர் செக்யூரிட்டி மேற்படிப்பு: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.டெக். சேர முயன்ற முதல் வருடம் எனக்கு கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் இருந்தது, கவுன்சலிங்கில் இடமும் ஒதுக்கினார்கள், ஆனால் சேர முடியவில்லை. ஒரே ஒரு சான்றிதழ் தவறான வடிவத்தில் இருந்தது. அதைச் சரிசெய்து வாங்கி வருவதற்குள் கெடு முடிந்துபோனது. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் மறுபடியும் தேர்வு எழுத வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் ஒரு வருடம் போனது போனதுதான். அடுத்த வருடம் எம்.டெக். சேர்ந்தேன். அதற்குப் பிறகு என் சித்தி மகன் இதே படிப்புக்காக இங்கிலாந்து கிளம்பினான், அவனுடைய கடன், விசா வேலைகளுக்குக் கூடவே அலைந்ததில் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் படிப்பு கஷ்டமாக இருக்கவில்லை, காகிதம்தான் கஷ்டமாக இருந்தது. அதனால் இதில் பெரும்பகுதி காகிதத்தைப் பற்றியே இருக்கும். நான் பட்ட வரிசையில் சொல்லவில்லை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

கல்லூரி, பாடத்திட்டம் எல்லாம் அப்புறம். இன்றைக்கே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல், பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் எட்டையும் மேஜைமேல் பரப்பி வைத்து உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் பெயருக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அதே பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். அதோடு அப்பா பெயரில் வரும் 'த'வுக்கு ஓரிடத்தில் ஆங்கிலத்தில் டி.எச். போட்டிருந்தது, இன்னோரிடத்தில் வெறும் டி. நம்ம ஊரில் இதை யாரும் தப்பென்றே நினைப்பதில்லை. ஆனால் விண்ணப்பம் சரிபார்க்கிறவருக்கு இது இரண்டு ஆளாகத் தெரியும்.

பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே நீளமான வேலை, அதைத் தொடாமல் முடிந்தால் நல்லது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், அதனால் இ-சேவை மையத்தில் அவசரத்தில் ஏதோ ஓர் எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள், வீட்டிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள். சின்ன வித்தியாசம்தான் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று சொல்ல முடியாது, பல இடங்களில் அது காப்பாற்றும்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல், ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று மட்டும் இருந்தால், பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ எதுவானாலும் அங்கே போய் இப்போதே பெயரைச் சேர்க்கக் கேளுங்கள். வெளிநாட்டு விசாவில் அப்பா கணக்கிலுள்ள பணத்தைக் காட்டும்போது இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

2. எந்தப் பட்டம், எந்த ஊர்

சைபர் செக்யூரிட்டி என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நாலைந்து வேலைகள் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை உடைத்துப் பார்ப்பது ஒன்று. இரவு பகலாக அலாரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு வேலை இன்னொன்று, அதை எஸ்.ஓ.சி. என்பார்கள். நடந்துபோன குற்றத்துக்குக் கைப்பேசியிலும் ஹார்ட் டிஸ்கிலும் தடயம் தேடுவது ஃபாரன்சிக்ஸ். ஐ.எஸ்.ஓ. 27001 போன்ற தரங்களை வைத்துத் தணிக்கை செய்வது ஒன்று. கணிதம் பிடித்தவர்களுக்கு, தகவலை மறையெழுத்தாக மாற்றும் கிரிப்டோகிராஃபி. இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியாமல் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்தால், முதல் செமஸ்டரிலேயே மனசு விட்டுப்போகும். தடயவியல் ஆசையில் வந்து நெட்வொர்க் கணிதத்தில் மாட்டிக்கொண்டு தவித்த ஒரு பையன் என் வகுப்பிலேயே இருந்தான்.

பி.இ., பி.டெக். முடித்தவர்களுக்கு எம்.டெக்., எம்.இ. வழி திறந்திருக்கிறது. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: கேட் தேர்வு எழுத உங்களுக்குத் தகுதி உண்டு, ஆனால் மூன்று வருடப் பட்டத்தோடு எம்.டெக். சேர முடியாது. விண்ணப்பக் கட்டணம் கட்டி, ஆறு மாதம் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு அப்புறம் இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எம்.எஸ்சி. வழிதான் சரி, அல்லது எம்.சி.ஏ. முடித்துவிட்டு எம்.டெக். பக்கம் வரலாம். எம்.சி.ஏ.வை ஏற்கிறார்களா என்பது ஒவ்வொரு படிப்பின் தகுதிப் பகுதியிலும் எழுதியிருக்கும்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு வசதி, திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிறது. மங்கலபுரம் டெக்னோசிட்டியில் உள்ள கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தில் சைபர் செக்யூரிட்டி சிறப்புப் பாடத்தோடு எம்.எஸ்சி. கணினி அறிவியல் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துக்காரர்கள் வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், வீட்டில் பெண் பிள்ளைகளைத் தூரமாக அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில் உள்ள அமிர்தா வளாகத்திலும் கோயம்புத்தூர் வளாகத்திலும் இந்தத் துறையில் எம்.டெக். இருக்கிறது. அமிர்தபுரிக்குக் கருநாகப்பள்ளியில் இறங்கிப் போகலாம். பயோஸ் என்ற மாணவர் அணி அங்கேதான் இருக்கிறது, சி.டி.எஃப். என்கிற ஹேக்கிங் போட்டிகளில் நாடு முழுக்கத் தெரிந்த அணி. ஆனால் தனியார் பல்கலை, கட்டணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தடயவியல்தான் வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. சைபர் ஃபாரன்சிக்ஸ் மற்றும் தகவல் பாதுகாப்பு, அல்லது காந்திநகரில் உள்ள தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம். காந்திநகரில் இருப்பது மத்திய அரசு நிறுவனம், தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். என்.ஐ.டி.களில் கோழிக்கோட்டில் தகவல் பாதுகாப்புப் பிரிவும் குருக்ஷேத்ராவில் சைபர் செக்யூரிட்டிப் பிரிவும் எம்.டெக்.கில் உண்டு. பொதுவான கணினி அறிவியல் எம்.டெக். சேர்ந்து, ஆய்வுத் திட்டத்தை மட்டும் பாதுகாப்புத் துறையில் செய்வதையும் யோசியுங்கள். வேலைக்கு எடுக்கிறவர்கள் பட்டத்தின் பெயரைவிட நீங்கள் என்ன செய்து காட்டினீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள், என் அனுபவத்தில் இது உண்மை.

இன்னொன்று சி-டாக், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம். அவர்களுடைய முதுநிலை டிப்ளமோ, சுமார் ஆறு மாதம், மொத்தம் 900 மணி நேரம். பாதுகாப்புப் பாடத்துக்கு டிடிஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது, திருவனந்தபுரத்தில் சைபர் செக்யூரிட்டி, ஃபாரன்சிக்ஸ் டிப்ளமோவும் நடத்தியிருக்கிறார்கள். சி-கேட் (C-CAT) என்ற அவர்களுடைய தனி நுழைவுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்ற வீட்டு நிலைமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் இது முதுநிலைப் பட்டம் ஆகாது. பிறகு நெட் தேர்வு எழுதவோ, பிஎச்.டி. சேரவோ, விரிவுரையாளர் வேலைக்குப் போகவோ இதை எம்.எஸ்சி.க்குச் சமமாகக் காட்ட முடியாது.

3. மாட்டிக்கொள்ளக் கூடாத இடங்கள்

நாகர்கோவிலிலிருந்து கொச்சி வரைக்கும் சாலையோரப் பலகைகளில் 'மாஸ்டர் இன் சைபர் செக்யூரிட்டி, ஆறே மாதம்' என்று பார்த்திருப்பீர்கள். மாஸ்டர் என்று பெயர் வைத்தால் மட்டும் அது பட்டம் ஆகிவிடாது. பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், அது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் பட்டியலில் இருக்கிறதா, தொழில்நுட்பப் படிப்பு என்றால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி உண்டா, ஆன்லைன் படிப்பு என்றால் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு அந்த வருடத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா, இவ்வளவையும் நீங்களே இணையத்தில் பாருங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் காட்டும் லேமினேட் செய்த தாளை நம்ப வேண்டாம்.

'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று சொன்னால், போன வருடம் சேர்ந்தவர்களில் மூன்று பேருடைய கைப்பேசி எண் கேளுங்கள். நான் கேட்ட ஓரிடத்தில் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேர்க்கை உறுதி ஆகும் முன்பே அசலைக் கேட்கிற இடத்தில் கொடுத்துவிட்டால், வேறு நல்ல இடம் கிடைக்கும்போது உங்களால் நகர முடியாது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் யு.ஜி.சி. விதி உண்டு, ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

4. நுழைவுத் தேர்வும் மாதங்களும்

கேட் விண்ணப்பம் ஆகஸ்டு கடைசி, செப்டம்பரில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். கேட் 2026-க்குப் பொதுப்பிரிவுக் கட்டணம் 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000. தாமதக் கட்டணம் தனி. கணினி அறிவியல் தாள் மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன், 13 கணிதம், மீதி 72 பாடம். சைபர் செக்யூரிட்டி என்று தனிப் பகுதி அதில் கிடையாது, அதனால் ஹேக்கிங் வீடியோ பார்ப்பதை கேட் தயாரிப்பு என்று எண்ண வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டா ஸ்ட்ரக்சர், டிஸ்கிரீட் கணிதம், இதுதான் படிக்க வேண்டியது. தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விக்குத் தப்பான பதில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். எண்ணை நாமே எழுதும் கேள்விக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள கேள்விக்கும் கழிப்பது இல்லை.

ஸ்கோர் கார்டு மே 31 வரைதான் இலவசமாக இறக்க முடியும். முடிவு வந்த வாரமே இறக்கி மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள்.

என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற பொதுக் கவுன்சலிங். ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் தரும் இடத்தை ஏற்பதும் மறுப்பதும் கோப் (COAP) என்ற பொதுத் தளத்தில் நடக்கும். பலர் அந்தத் தளத்தில் பதிவு செய்ததும் ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள், இல்லை. சி.சி.எம்.டி.க்குப் பட்டப்படிப்பில் 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 55 அல்லது 6.0. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பி.ஜி. தேர்வும் டான்கா கவுன்சலிங்கும். கேட் மதிப்பெண் இருந்தால் அதை வைத்தே டான்காவில் கலந்துகொள்ளலாம். 2023 முதல் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு மட்டும்தான், எம்.இ.க்கு டான்செட் எழுதச் சொல்லும் பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

5. சான்றிதழ்கள்: நான் வருடத்தை இழந்த இடம்

இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். நம் கையில் இருப்பது தமிழ்நாடு அரசு கொடுத்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ், அதில் பி.சி. அல்லது எம்.பி.சி. என்று இருக்கும். டான்காவுக்கு அது போதும். ஆனால் கேட் வழியாகப் போகிற மத்திய அரசு நிறுவனங்களுக்கு அது செல்லாது. அவர்களுக்கு வேண்டியது மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ், அதுவும் சேர்க்கை நடக்கும் வருடத்தின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. நான் போட்டிருந்தது பி.சி. சான்றிதழ். கேட்டார்கள், திரும்பி ஓடினேன், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வருவதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது.

எனவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டார், இதில் உங்கள் நிரந்தர முகவரி எந்தத் தாலுகாவில் வருகிறதோ அங்கேதான் மனு போகும். புதுத் தாலுகாக்கள் பிரிந்த பிறகு சில கிராமங்கள் மாறியிருக்கின்றன, பழைய குடும்ப அட்டையை வைத்துத் தப்பான தாலுகாவைத் தேர்ந்தெடுத்தால் மனு திரும்பி வந்துவிடும், அதற்கே பத்து நாள் போகும். வருமானச் சான்றிதழையும் அதே நாளில் போட்டுவிடுங்கள். விண்ணப்பித்த அன்றே கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து மனு எண்ணைச் சொல்லிவிட்டு வந்தால் வேலை நகரும். உங்கள் சாதியின் பெயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் சான்றிதழிலும் வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பல்கலைக்கழகம் மாறிப் போகிறவர்களுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும். மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், அதாவது அபிஷேகப்பட்டி. பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். வெளிநாட்டுக்கு டிரான்ஸ்கிரிப்டும் தேவை, அதாவது பல்கலைக்கழகம் உறையில் போட்டுத் தரும் மொத்த மதிப்பெண் விவரம். எத்தனை கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று எண்ணி, அதற்கு மேல் இரண்டு உறை கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டாம் தடவை போவதற்கு இன்னொரு மாதம் ஆகும்.

6. பணம்

அரசு நிறுவனத்தில் கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரிகளிலும் கேட் தகுதி உள்ளவர்களுக்கு இது உண்டு, தனியார் கல்லூரி என்றாலும் சரி. சீட்டா-பி.ஜி. மதிப்பெண்ணில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது, அதனால் ஒரே வகுப்பில் ஒருவர் வாங்குவார், பக்கத்தில் இருப்பவருக்கு இருக்காது. கல்லூரி உங்கள் விவரத்தைக் கெடுவுக்குள் பதிவேற்றினால்தான் பணம் வரும், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் யார் அதைப் பார்க்கிறார் என்று கேட்டு வையுங்கள். ஆதாரோடு இணைத்த, உங்கள் பெயரில் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கு வேண்டும். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கு செல்லாது. முதல் தவணை வர மாதங்கள் ஆகலாம், மூன்று நான்கு மாதச் சாப்பாட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

கல்விக்கடன் என்றால், வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்கு எதுவும் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். அதற்கு மேல் போனால் அடமானம். 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15 சதவீதம் நாம் போட வேண்டும். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் சேர்ந்தால் அடமானமே இல்லாமல் கடன், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை என்றால் 10 லட்சம் வரைக்கான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. வெளிநாட்டுப் படிப்புக்கு இது இல்லை. அப்பாவின் பெயரில் எப்போதோ வாங்கிய பைக் கடனோ நகைக் கடனோ பாக்கி இருந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும், வங்கிக்குப் போகும் முன் அதைப் பாருங்கள்.

இப்போது நம்ம மாவட்டத்துக்கே உரிய விஷயம். சித்தி வீட்டில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறது, அதை வைத்துக் கடன் வாங்கிவிடலாம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். வங்கியில் மேலாளர் ஒரே வரியில் வேண்டாம் என்றார். கடன் திரும்பி வராவிட்டால் சொத்தை ஏலம் விட வங்கிகள் பயன்படுத்தும் 2002-ஆம் வருட சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதனால் ரப்பரோ தென்னந்தோப்போ வயலோ எவ்வளவு மதிப்பு இருந்தாலும் கல்விக்கடனுக்கு அடமானமாக எடுக்கத் தயங்குவார்கள். வீடு அல்லது வீட்டு மனை வேண்டும். ஆவணத்தில் மனை என்று இருந்தாலும் வருவாய்ப் பதிவேட்டில் இன்னும் புஞ்சை என்றே இருந்தால் அதுவும் நிற்கும். ஆறு மாதம் முன்னாலேயே பட்டாவைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியில் பத்மநாபபுரம் பக்கம் இருந்த வீட்டைக் கொடுத்தார்கள். வங்கி வக்கீல் மூலப் பத்திரம் கேட்டார். சித்தப்பா இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பாகப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஓரம் பழுப்பாகி, முழுக்க மலையாளத்தில் இருந்தது. 1956-க்கு முன்னால் இது திருவிதாங்கூர் என்பதால் நம் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பல இப்படித்தான் இருக்கும். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பு இல்லாமல் கருத்துரை எழுத முடியாது என்றார். குழித்துறையில் ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, தண்டப்பேர் எண்ணிலிருந்து (நில வரிக் கணக்கு எண்) நான்கு எல்லை வரை நிறுத்தாமல் தமிழில் வாசித்தார், நான் எழுதினேன். தட்டச்சு செய்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் ஆனது, மூன்று வாரமும் ஆனது. அந்த எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு பத்திரம் இருந்தால், கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த வருடமே மொழிபெயர்த்து வைத்துவிடுங்கள். இதோடு வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி. வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டால் அது தனி அலைச்சல்.

7. வெளிநாடு என்றால்

இங்கிலாந்தில் முதுநிலை ஒரு வருடம். 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 524 பவுண்டு ஆனது. சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776, ஆனால் ஒரு வருடப் படிப்புக்கும் விசா அதைவிடச் சில மாதம் கூடுதலாகக் கொடுப்பதால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 கட்ட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கடைசி நாளில் கார்டில் பணம் போதாமல் ஓடினோம். 2025 நவம்பர் முதல், வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும், லண்டன் என்றால் 1,529. அது கணக்கில் 28 நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அம்மா ஏதோ அவசரத்துக்கு ஏ.டி.எம்.மில் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசநோய்ப் பரிசோதனையை அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் செய்ய வேண்டும். படிப்பு முடித்துத் தங்கும் விசா இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம், எனவே கடன் அடைக்கும் கணக்கை இந்தப் புது அளவை வைத்துப் போடுங்கள். அங்கே தேசிய சைபர் பாதுகாப்பு மையம் சான்றளித்த முதுநிலைப் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது, ஏஜென்ட் சொல்லும் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் என்றால் செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஜார்லாந்து பல்கலையிலும் கோட்பஸ் நகரத்துப் பி.டி.யு.விலும் சைபர் செக்யூரிட்டி முதுநிலை உண்டு. நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும், எனவே விண்ணப்பத்துக்கு முன்பே வாங்குங்கள். மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்கக்கூடிய முடக்கிய கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும். பல பல்கலைகளுக்காக விண்ணப்பம் வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக என்றால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30.

8. சேரும் முன் மூன்று மாதம்

லேப்டாப்புக்கு 16 ஜி.பி. ரேம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை, அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் கணினிகளை, ஓட விடுவீர்கள், 8 ஜி.பி.யில் மூச்சு முட்டும். ஆப்பிளின் புதிய சிப் உள்ள மேக்கில், பயிற்சிக்குத் தரும் பல மெய்நிகர் கணினிக் கோப்புகள் ஓடாது, வாங்கும் முன் யோசியுங்கள். மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸும், பாதுகாப்புக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸும் இலவசம். ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் விளையாட்டில் தொடங்கினால் லினக்ஸ் கைக்கு வந்துவிடும், அதன் பிறகு பிகோசி.டி.எஃப்., வலைத்தளப் பாதுகாப்புக்கு போர்ட்ஸ்விக்கர் அகாடமி, மூன்றும் இலவசம். ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடங்களான என்.பி.டி.இ.எல்.லும் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம்.

எனக்கு இந்தத் துறை உண்மையில் பிடித்துப்போனது ஒரு சின்ன விஷயத்தில். லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் போட்டு, அம்மாவின் கைப்பேசியை அதில் இணைத்து, நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். கைப்பேசி திரை அணைந்து திண்ணையில் கிடந்தது, அப்படியும் அது வரிசையாக ஏதேதோ சர்வர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் பாதி விளம்பர நிறுவனங்கள், அம்மா எப்போதோ இறக்கி மறந்துபோன ஒரு டார்ச் ஆப்பிலிருந்து வந்தவை. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. நீங்களும் உங்கள் வீட்டுக் கருவியில் செய்து பாருங்கள்.

உங்கள் கருவியில் மட்டும். பக்கத்து வீட்டு வைஃபை, பழைய கல்லூரியின் இணையதளம், தெரிந்த கடையின் பில்லிங் கணினி, எதையும் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-உம் 66-உம் சேர்ந்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'ஓட்டையைச் சொல்லத்தான் நுழைந்தேன்' என்பது காப்பாற்றாது. ஒரு வழக்கு இருந்தால் இந்தத் துறையில் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்டவே முடியாது.

9. கிளம்பும் வாரம்

மருத்துவத் தகுதிச் சான்றிதழ் பல நிறுவனங்கள் கேட்கும், அவர்களுடைய படிவத்திலேயே, பதிவு பெற்ற அரசு மருத்துவர் கையெழுத்தோடு. படிவத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள், கண் பார்வையும் ரத்தப் பிரிவும் தனியாக நிரப்ப வேண்டியிருக்கும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போவதென்றால் காலையில் சீக்கிரம் போய் புறநோயாளிச் சீட்டு எடுங்கள், மதியம் ஆனால் மறுநாள்தான்.

அசல்கள் ஒரு கோப்பில், நகல்கள் ஐந்து தொகுதி வேறு கோப்பில், புகைப்படம் இருபது. வெள்ளைப் பின்னணி உள்ள படமாக எடுங்கள், நீலத்தைப் பல இடங்களில் திருப்பிவிடுகிறார்கள். மாற்றுச் சான்றிதழை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கொடுக்கும் முன் நான்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். ரயிலில் அசல் கோப்பைப் பெட்டிக்குள் போட்டு இருக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள், ஆடி மாதத்து மழையில் ஜன்னலோரம் நனைந்த கோப்பை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தோள் பையில், தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.